தவணை தவறும் கடனும் முற்றிவரும் நோயும்: ஒரே கணிதத்தில் இரண்டுக்கும் மாடல் அமைக்கும் முறை

ஒழுங்காகக் கட்டப்பட்டு வந்த கடன் ஒரு மாத பாக்கி, இரண்டு மாத பாக்கி என்று சரிந்து வாராக்கடனில் போய் நிற்கிறது. நாள்பட்ட நோய் லேசான நிலையில் தொடங்கிக் கடுமையான நிலைக்குப் போகிறது. சிலருக்கு மரணத்தில் முடிகிறது. இரண்டையும் எழுதிக்காட்ட மார்க்கோவ் சங்கிலி போதும்: இப்போதைய நிலையை மட்டும் வைத்து அடுத்த நிலைக்குப் போகும் வாய்ப்பைச் சொல்லும் மாடல் அது. தமிழ்நாட்டில் 12ஆம் வகுப்பு வணிகக் கணிதம் படித்தவர்களுக்கு நிலைமாறு நிகழ்தகவு அணி ஏற்கெனவே அறிமுகம். அந்த அணியைப் பெருக்குவதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. அணிக்குள் போகும் எண்களை எடுக்கும் இடத்தில்தான் ஆய்வுகள் கெடுகின்றன.

காரணம் இது: கடன் கணக்கை மாதம் தவறாமல் பார்க்கிறோம். நோயாளியை அவர் மருத்துவமனைக்கு வரும் நாளில் மட்டுமே பார்க்கிறோம். நிதித்துறையில் பழகிய முறையை அப்படியே மருத்துவ டேட்டாவில் போட்டாலும், மருத்துவத்தில் பழகியதைக் கடனில் போட்டாலும் விடை பிசகும். கீழே வரும் ஒவ்வொரு படியும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே நடக்கிறது.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"கடன் தவறுதலை ஆராய்கிறேன்" என்பது கேள்வி ஆகாது. "இன்று 31 முதல் 60 நாள் பாக்கியில் இருக்கும் இருசக்கர வாகனக் கடன்களில் எத்தனை சதவீதம் அடுத்த 12 மாதத்தில் வாராக்கடனாகும்?" என்பது கேள்வி. "இந்த மருந்தைக் கொடுத்தால் டயாலிசிஸ் தேவைப்படுவது எத்தனை ஆண்டு தள்ளிப்போகும், அதற்கு ஆகும் செலவு என்ன?" என்பதும் கேள்வி. யாரை, எந்த நாளிலிருந்து, எவ்வளவு காலம் பின்தொடரப் போகிறீர்கள் என்ற மூன்றும் அந்த வரியில் இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று விட்டுப்போனாலும் அடுத்த படியில் நிலைகளை வகுக்க முடியாது.

படி 2: நிலைகளை வகுப்பது

ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே ஒரு நிலையில்தான் இருக்க வேண்டும். எந்த நிலையிலும் சேராதவர் யாரும் இருக்கக்கூடாது.

கடனுக்கு எல்லைகளை ரிசர்வ் வங்கியே வகுத்துத் தந்திருக்கிறது. 30 நாள் வரை பாக்கி எஸ்எம்ஏ-0 (எஸ்எம்ஏ என்றால் தனிக் கவனிப்புக்குரிய கணக்கு), 31 முதல் 60 வரை எஸ்எம்ஏ-1, 61 முதல் 90 வரை எஸ்எம்ஏ-2, 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். இவற்றோடு "பாக்கியில்லை" என்ற நிலையையும் "கணக்கு முடிந்தது" என்ற நிலையையும் சேருங்கள். புதியவர்கள் அதிகம் மறப்பது கடைசி நிலையைத்தான். கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டுப் போனவருக்குத் தனி நிலை இல்லாவிட்டால் அவர் டேட்டாவிலிருந்து காணாமல் போவார், மிச்சமிருப்பவர்களின் தவறும் விகிதம் உண்மையைவிட அதிகமாகத் தெரியும். வாராக்கடனைத் தள்ளுபடி செய்து புத்தகத்திலிருந்து நீக்கியதும், வேறு நிறுவனத்துக்கு விற்றதும் "கணக்கு முடிந்தது" ஆகாது. அவற்றை வாராக்கடன் நிலையிலேயே நிறுத்துங்கள்.

சிறுநீரக நோய்க்கு இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) அளவைக் கொண்டு நிலைகள் உண்டு: 90உம் அதற்கு மேலும், 60–89, 45–59, 30–44, 15–29, 15க்குக் கீழ். டயாலிசிஸ், மாற்றுச் சிறுநீரகம், மரணம் ஆகியவை தனி நிலைகள். இந்த அளவு நிலையாக நிற்பதில்லை. வயிற்றுப்போக்கில் உடல் நீர் வற்றிய நாளில் எடுத்த ரத்தப் பரிசோதனை 52இலிருந்து 41க்கு இறங்கியதாகக் காட்டலாம். இரண்டு வாரத்தில் அது பழைய அளவுக்குத் திரும்பியும் இருக்கலாம். நாள்பட்ட சிறுநீரக நோய் என்று சொல்லவே பாதிப்பு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. உங்கள் நிலை மாற்றத்துக்கும் அதே விதியை வையுங்கள்: 90 நாள் இடைவெளியில் இரண்டு அளவுகளும் கீழே இருந்தால்தான் அடுத்த நிலை.

இவை அத்தனையையும் தனித்தனியாக வைக்காமல் அடுத்தடுத்தவற்றை இணைத்து, மொத்தம் ஆறு ஏழு நிலைகளுக்கு மேல் போகாதீர்கள். ஒவ்வொரு நிலையைக் கூட்டும்போதும் அணியில் நிரப்ப வேண்டிய கட்டங்கள் பெருகும், ஒவ்வொரு கட்டத்திலும் விழும் எண்ணிக்கை மெலியும்.

படி 3: டேட்டாவை அடுக்குவது

நீள வடிவம்தான் வேண்டும். ஒரு வரிக்கு அடையாள எண், தேதி, நிலை என்று மூன்று பத்தி (நெடுவரிசை). ஒரு நபருக்குப் பல வரிகள் வரும். அடையாள எண்ணாலும் தேதியாலும் வரிசைப்படுத்திய பிறகு இந்த மூன்றையும் பாருங்கள்: ஒரே நாளில் இரண்டு நிலைகள் பதிவாகியிருக்கின்றனவா, மரணத்துக்குப் பின் ஏதாவது வரி வருகிறதா, ஒரே ஒரு வரி மட்டும் உள்ளவர்கள் எத்தனை பேர். கடைசிக் கேள்வியின் விடை மருத்துவ டேட்டாவில் பெரும்பாலும் திகைக்க வைக்கும். ஒருமுறை வந்துவிட்டுத் திரும்ப வராதவர்கள் குணமானவர்களா, வேறு மருத்துவமனைக்குப் போனவர்களா, இறந்தவர்களா என்பது டேட்டாவில் இருக்காது. வராதவர்களையும் வந்தவர்களையும் வயது, ஊர்த் தொலைவு, முதல் வருகையின் நோய்நிலை ஆகிய மூன்றிலாவது ஒப்பிட்டு ஓர் அட்டவணை போடுங்கள். இரு குழுவும் வெகுவாக வேறுபட்டால், அந்த மாடலின் விடை வந்தவர்களுக்கு மட்டுமே பொருந்தும் என்று கட்டுரையில் எழுதியாக வேண்டும்.

நோயாளி விவரம் என்றால் டேட்டாவைத் தொடும் முன்பே நிறுவன நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும். அடையாளத்தை மறைக்கத் தேதிகளை நகர்த்துவது வழக்கம். ஒரு நோயாளியின் எல்லாத் தேதிகளையும் ஒரே அளவு நாட்கள் நகர்த்த வேண்டும். வரிக்கு வரி வேறு அளவில் நகர்த்தினால் வருகைகளுக்கு இடையிலான இடைவெளி அழிந்துவிடும், அந்த டேட்டாவை இந்த வேலைக்குப் பயன்படுத்த முடியாது. சரியாக நகர்த்தினாலும் ஓர் இழப்பு உண்டு: எது 2019, எது 2020 என்பது தெரியாமல் போகும். அது ஏன் முக்கியம் என்பது படி 6இல் வருகிறது.

படி 4: எண்ணுவது

கடனுக்கு இது நேரடியான வேலை. இந்த மாத நிலை, அடுத்த மாத நிலை என்று ஜோடிகளாக எண்ணி, ஒவ்வொரு வரிசையையும் அதன் கூட்டுத்தொகையால் வகுத்தால் மாதாந்திர நிலைமாறு அணி கிடைத்துவிடும். மருத்துவ டேட்டாவில் இதே வேலை ஏன் தவறாகிறது என்பதைக் கைப்பட உணர ஒரு நல்ல பயிற்சி இருக்கிறது.

ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளுக்கு எம்எஸ்எம் என்ற இலவசத் தொகுப்பு உண்டு. கேம்பிரிட்ஜில் பணியாற்றும் கிறிஸ்டோபர் ஜாக்சன் எழுதியது. அதனோடு வரும் "கேவ்" என்ற டேட்டாவில் இதய மாற்று அறுவை செய்துகொண்ட 622 பேரின் 2846 பதிவுகள் இருக்கின்றன. மாற்று இதயத்தின் ரத்தக்குழாய் நோய் இல்லை, லேசு, கடுமை, இறப்பு என்று நான்கு நிலைகள். அடுத்தடுத்த வருகைகளை ஜோடியாக எண்ணினால் வருவது இது:

| இருந்த நிலை | இல்லை | லேசு | கடுமை | இறப்பு |
|---|---|---|---|---|
| இல்லை | 1367 | 204 | 44 | 148 |
| லேசு | 46 | 134 | 54 | 48 |
| கடுமை | 4 | 13 | 107 | 55 |

முதலில் ஒரு சரிபார்ப்பு. ஒவ்வொருவரின் முதல் வரிக்கும் முந்தைய நிலை கிடையாது. எனவே ஜோடிகள் 2846 − 622 = 2224 இருக்க வேண்டும். மேலே உள்ள 12 எண்களைக் கூட்டினாலும் 2224. உங்கள் சொந்த டேட்டாவில் இந்தக் கணக்கு ஒட்டவில்லையென்றால், வரிசைப்படுத்தியதிலோ அடையாள எண்ணிலோ பிழை இருக்கிறது, மேலே போகாதீர்கள்.

இனி அட்டவணையை வாசியுங்கள். முதல் வரிசையில் இறப்பு 148, கூட்டுத்தொகை 1763. வகுத்தால் 8.4%. இது ஆண்டு இறப்பு விகிதமா? இல்லை. வருகைகளின் இடைவெளி ஆளுக்கு ஆள் மாறுகிறது, எனவே இந்த 8.4% எந்தக் காலத்துக்கும் உரிய விகிதம் அல்ல. நோயில்லாத நிலையிலிருந்து நேரே கடுமைக்குப் போனதாகத் தெரியும் 44 பேர் நடுவில் லேசான நிலையைக் கடந்தே போயிருப்பார்கள். அந்த நேரத்தில் யாரும் பார்க்கவில்லை. லேசிலிருந்து "இல்லை"க்குத் திரும்பிய 46 இன்னும் முக்கியம். இந்த நோய் பின்வாங்காதது என்றே மருத்துவர்கள் கருதுகிறார்கள். அப்படியானால் இரண்டு பரிசோதனைகளில் ஒன்று நோயைத் தவறாக வகைப்படுத்தியிருக்கிறது.

ஆகவே இங்கே எண்ணி வகுக்கக் கூடாது. தொடர்நேர மாடலுக்குப் போக வேண்டும்: நிகழ்தகவுகளுக்குப் பதில் ஓர் ஆண்டுக்கான மாற்ற வேகங்களை மதிப்பிட்டு, எந்த இடைவெளிக்கும் உரிய நிகழ்தகவை அவற்றிலிருந்து பெறுவது. எம்எஸ்எம் தொகுப்பு செய்வது இதைத்தான். அனுமதிக்கப்பட்ட மாற்றங்களுக்கு மட்டும் பூச்சியமல்லாத தொடக்க மதிப்பு கொடுங்கள். "இல்லை"யிலிருந்து "கடுமை"க்கு நேர்வழியை அடைத்துவிடுங்கள். இறந்த நாள் துல்லியமாகத் தெரியும், ஆனால் முந்தைய நாளின் நிலை தெரியாது. இறப்பு நிலைக்கு மட்டும் இதைச் சொல்லும் அமைப்பு தொகுப்பில் உண்டு, அதை மறக்காமல் குறிப்பிடுங்கள். தொகுப்பின் கையேட்டில் உள்ள முதல் மாடலை அப்படியே ஓட்டினால் மடக்கைச் சாத்தியத்தின் (மாடல் டேட்டாவோடு எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கான அளவு) −2 மடங்கு சுமார் 3969 வரும். அதே எண் உங்களுக்கும் வந்தால் நிறுவலும் புரிதலும் சரி. அதன்பிறகு தவறான வகைப்படுத்தலைக் கணக்கில் எடுக்கும் மறைநிலை மாடலுக்கு நகருங்கள்.

கணினி விடையில் ஒடுங்காமல் சுற்றினால் பெரும்பாலும் இரண்டு காரணங்களில் ஒன்று: தொடக்க மதிப்புகள் உண்மையிலிருந்து வெகுதூரத்தில் இருக்கின்றன, அல்லது ஐந்தாறு பேர் மட்டுமே கடந்த ஒரு மாற்றத்துக்குத் தனி வேகம் கேட்கிறீர்கள். இரண்டாவதற்கு மருந்து, நிலைகளை இணைப்பதுதான்.

படி 5: கால அலகை மாற்றுவது

ஆண்டு நிகழ்தகவு 0.25 என்றால் மாத நிகழ்தகவு 0.25 ÷ 12 = 0.0208 அல்ல. அதைப் பன்னிரண்டு மாதம் ஓட்டினால் 22.3% மட்டுமே வரும். சரியான கணக்கு 1 − 0.75^(1/12) = 0.0237.

இந்தச் சூத்திரம் "இருக்கிறார் / வெளியேறினார்" என்ற இரண்டே நிலைகளுக்கு மட்டும் சரி. ஐந்து நிலை அணியில் கட்டம் கட்டமாக இதைப் போடுவது மிகப் பரவலான பிழை, வெளியான கட்டுரைகளிலும் காணலாம். முழு அணிக்கும் அணி மடக்கை எடுத்து, 12ஆல் வகுத்து, மீண்டும் அடுக்கேற்ற வேண்டும். மடக்கை எடுத்த அணியில் மூலைவிட்டத்துக்கு வெளியே சில கட்டங்களில் குறை எண் வரலாம். குறை வேகம் என்று ஒன்று கிடையாது. சிறிய குறை எண்ணைப் பூச்சியமாக்கி, வரிசையின் கூட்டுத்தொகை பூச்சியமாகும்படி மூலைவிட்டத்தைத் திருத்துவது கடன் மதிப்பீட்டுத் துறையில் நிலைத்த வழக்கம். குறை எண் பெரிதாக இருந்தால் அணியே தொடர்நேர மாடலுக்கு ஒத்துவரவில்லை என்று பொருள்.

படி 6: காலம் மாறும்போது அணியும் மாறுகிறதா?

ஆண்டுவாரியாக அணியைப் பிரித்து எடுத்து அருகருகே வையுங்கள். இந்தியக் கடன் டேட்டாவில் இரண்டு இடங்களில் உடைப்பு தெரியும்.

முதலாவது 2020. ரிசர்வ் வங்கி மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை தவணை ஒத்திவைப்புக்கு அனுமதித்தது. அந்தக் காலம் பாக்கி நாட்களில் சேரவில்லை. பிறகு செப்டம்பர் 3 அன்று உச்ச நீதிமன்றம், ஆகஸ்ட் 31 வரை வாராக்கடன் ஆகாதவற்றை மறு உத்தரவு வரை அப்படி அறிவிக்கக் கூடாது என்று இடைக்கால உத்தரவு போட்டது; 2021 மார்ச் 23இல்தான் அது நீங்கியது. இந்த ஓராண்டில் எஸ்எம்ஏ-2இலிருந்து வாராக்கடனுக்குப் போனவர்கள் குறைந்ததாக டேட்டா காட்டினால், கட்டும் திறன் கூடியது என்று வாசிக்கக் கூடாது. முத்திரை குத்துவதே நிறுத்தப்பட்டிருந்தது.

இரண்டாவது ரிசர்வ் வங்கியின் 2021 நவம்பர் 12 விளக்கச் சுற்றறிக்கை. வாராக்கடனான கணக்கை, வட்டியும் அசலுமாக மொத்த பாக்கியையும் கட்டினால்தான் மீண்டும் நல்ல கணக்காக்கலாம் என்றது. அதற்கு முன் சிலர் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டே கணக்கை மேலே ஏற்றினார்கள். வங்கியல்லா நிதி நிறுவனங்களுக்கு 2022 செப்டம்பர் 30 வரை அவகாசம் இருந்தது. ஆகவே "வாராக்கடனிலிருந்து மீண்டவர்" என்ற கட்டத்தின் பொருளே அந்தத் தேதிகளில் மாறுகிறது. இரு காலத்தையும் கலந்து ஒரு சராசரி எடுத்தால் அது எந்தக் காலத்துக்கும் பொருந்தாது.

மருத்துவமனை டேட்டாவிலும் அதே 2020 இருக்கிறது. மார்ச் 25 பொதுமுடக்கத்துக்குப் பிறகு வழக்கமான மறுபரிசோதனைக்கு வருவது குறைந்தது. முடியாத நிலையில் இருந்தவர்களே அதிகம் வந்தார்கள். நோய் வேகமாக முற்றியது போன்ற தோற்றத்தை இது தரும். தேதிகள் மறைக்கப்பட்ட டேட்டாவில் இதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை. அதனால் டேட்டா தருபவரிடம் குறைந்தபட்சம் "முடக்கத்துக்கு முன் / பின்" என்ற ஒரு பத்தியையாவது கேட்டு வாங்குங்கள்.

படி 7: நினைவின்மையைச் சோதிப்பது

இப்போதைய நிலை மட்டும் தெரிந்தால் போதும், வந்த வழி தேவையில்லை என்பது மார்க்கோவ் அனுமானம். கடன் டேட்டாவில் இதை ஒரு மணி நேரத்தில் சோதிக்கலாம். எஸ்எம்ஏ-1இல் இருப்பவர்களை இரண்டாகப் பிரியுங்கள்: எஸ்எம்ஏ-0இலிருந்து சரிந்து வந்தவர்கள், எஸ்எம்ஏ-2இலிருந்து ஏறி வந்தவர்கள். இரு குழுவின் அடுத்த மாத விகிதங்கள் ஒத்துப்போகின்றனவா? நிறுவனக் கடன் தரமதிப்பீட்டில், அண்மையில் தரம் இறங்கிய நிறுவனம் மீண்டும் இறங்கும் வாய்ப்பு அதிகம் என்று ஆய்வாளர்கள் லாண்டோவும் ஸ்கோடெபர்க்கும் 2002இல் காட்டினார்கள். சில்லறைக் கடனில் உங்கள் டேட்டா என்ன சொல்கிறது என்பதை நீங்களே பார்க்க வேண்டும். லட்சக்கணக்கான வரிகள் இருந்தால் கை-வர்க்கச் சோதனை (வித்தியாசம் தற்செயலானதா என்று பார்க்கும் சோதனை) எதையும் "முக்கியம்" என்றே சொல்லும். வித்தியாசம் எத்தனை சதவீதப் புள்ளி என்பதைப் பாருங்கள். பெரிதாக இருந்தால் எஸ்எம்ஏ-1ஐ "இறங்கி வந்தது", "ஏறி வந்தது" என்று இரண்டு நிலைகளாக்குங்கள்.

படி 8: குழுவை ஓட்டுவது

பிரிட்டன் ஆய்வாளர்கள் 1997இல் வெளியிட்ட எச்ஐவி மருந்துப் பொருளாதார மாடல் பல வகுப்பறைகளில் பயிற்சிக்குப் பயன்படுகிறது. இன்றைய சிகிச்சைக்கு அந்த எண்கள் பொருந்தாது; கணக்குப் பழக நன்றாகப் பொருந்தும். லேசான நிலையிலிருந்து ஓராண்டில்: அதே நிலை 1251, நடுநிலை 350, எய்ட்ஸ் 116, இறப்பு 17 (0.721, 0.202, 0.067, 0.010). நடுநிலையிலிருந்து: அதே நிலை 731, எய்ட்ஸ் 512, இறப்பு 15 (0.581, 0.407, 0.012). எய்ட்ஸிலிருந்து: அதே நிலை 1312, இறப்பு 437 (0.750, 0.250).

1000 பேரை முதல் நிலையில் வைத்து எக்செலில் ஓட்டுங்கள். ஓராண்டில் 721, 202, 67, 10. இரண்டாம் ஆண்டில் சுமார் 520, 263, 181, 36. ஒவ்வொரு வரியின் முடிவிலும் கூட்டுத்தொகை 1000 என்று சோதிக்கும் ஒரு பத்தி வையுங்கள். இறுதிவரை ஓட்டி, ஆண்டின் தொடக்கத்தில் உயிரோடிருந்தவர்களை எண்ணினால் சராசரி ஆயுள் சுமார் 9.1 ஆண்டு, முடிவில் இருந்தவர்களை எண்ணினால் 8.1. மக்கள் ஆண்டின் நடுவில் நகர்கிறார்கள். எனவே இரண்டுக்கும் நடுவான 8.6ஐ எடுப்பதே அரைச்சுழற்சித் திருத்தம். மாத அளவில் ஓட்டினால் இந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

புதிய மருந்து முற்றும் வேகத்தை 0.509 மடங்காகக் குறைக்கிறது என்று அந்த ஆய்வு எடுத்துக்கொண்டது. மோசமான நிலைகளுக்கான கட்டங்களை 0.509ஆல் பெருக்கினால் 0.103, 0.034, 0.005 வரும், மிச்சமான 0.858 மூலைவிட்டத்துக்குப் போகும். மருந்தின் பலன் எத்தனை ஆண்டு நீடிக்கும் என்பதே முடிவை அதிகம் அசைக்கும் எண். அங்கே இரண்டு ஆண்டு என்று வைத்தார்கள். உங்கள் மாடலில் அதை 1, 2, 5 என்று மாற்றிப் பார்த்து மூன்றையும் வெளியிடுங்கள்.

பணமாக்கும்போது, கடனில் அந்த மாதம் தவறும் நிகழ்தகவை நிலுவைத் தொகையாலும் இழப்பு விகிதத்தாலும் (தவறிய கடனில் திரும்பாமல் போகும் பங்கு) பெருக்கி இன்றைய மதிப்புக்குக் கழியுங்கள். ஐஎஃப்ஆர்எஸ்-9 என்ற பன்னாட்டுக் கணக்கியல் விதியில் 30 நாள் பாக்கியைத் தாண்டினால் ஆபத்து கூடியதாகக் கொள்ளும் முன்னனுமானம் உண்டு. அதாவது எஸ்எம்ஏ-1இல் நுழைந்ததும் 12 மாத இழப்பை விட்டுவிட்டு ஆயுட்கால இழப்பைக் கணக்கிட வேண்டியிருக்கும். மருத்துவத்தில் செலவையும், வாழ்க்கைத் தரத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட வாழ்நாளையும் கழிவு விகிதத்தில் குறைக்க வேண்டும். சிகிச்சைகளின் பலனையும் செலவையும் மதிப்பிடும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு இரண்டுக்கும் 3.5% கேட்கிறது, இந்தியாவின் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டு வழிகாட்டி 3%.

படி 9: நிச்சயமின்மையைக் காட்டுவது

ஒற்றை எண்ணை மட்டும் வெளியிடாதீர்கள். எண்ணி எடுத்த அணி என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் டிரிஷ்லே பரவலை (கூட்டுத்தொகை 1 ஆகும் நிகழ்தகவுகளைத் தற்செயலாக எடுத்துத் தருவது) பயன்படுத்தலாம்: 1251, 350, 116, 17 ஆகியவற்றைக் காமா பரவலின் வடிவ அளவுகளாக வைத்து நான்கு எண்களை எடுத்து, அவற்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு புதிய வரிசை கிடைக்கும். எல்லா வரிசைகளுக்கும் இப்படி 1000 முறை செய்து, முழு மாடலையும் 1000 முறை ஓட்டுங்கள்.

பூச்சியக் கட்டங்களில் நிதானம் வேண்டும். நடக்கவே முடியாததால் பூச்சியமா, சிறிய மாதிரி என்பதால் பூச்சியமா? இறந்தவர் திரும்பும் கட்டம் என்றும் பூச்சியம்தான். ஆனால் 300 நல்ல கடன்களில் ஒன்றும் தவறவில்லை என்றால் தவறும் வாய்ப்பு பூச்சியம் என்று எழுதக் கூடாது. 95% நம்பிக்கையில் மேல் எல்லை சுமார் 3/300, அதாவது 1%. பக்கவிளைவே இல்லாமல் 300 பேர் உட்கொண்ட மருந்துக்கும் இதே கணக்குத்தான்.

படி 10: வெளியில் நிறுத்திச் சோதிப்பது

வரிகளைக் குலுக்கி 80க்கு 20 என்று பிரிக்காதீர்கள். ஒரே கடனாளியின் ஜனவரி வரி பயிற்சியிலும் பிப்ரவரி வரி சோதனையிலும் விழுந்து, மாடல் உண்மையைவிட நன்றாகத் தெரியும். நபர்வாரியாகப் பிரியுங்கள். அதற்கு மேல், கடைசி 12 மாதத்தை முழுவதுமாக ஒதுக்கி வைத்து, அதற்கு முந்தைய டேட்டாவில் மட்டும் மாடல் அமைத்து, ஒவ்வொரு நிலையிலும் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணித்ததையும் உண்மையில் இருந்ததையும் ஒரே வரைபடத்தில் போடுங்கள். வாராக்கடன் கோடு மட்டும் விலகினால் படி 6இன் தேதிகளுக்குத் திரும்புங்கள். இறப்புக் கோடு கணித்ததற்குக் கீழே ஓடினால், வருகையை நிறுத்தியவர்களில் இறந்தவர்கள் பதிவாகாமல் போனார்களா என்று முதலில் பாருங்கள். இறப்புப் பதிவேட்டோடு பெயர்களை ஒப்பிட நெறிமுறைக் குழுவிடம் தனி அனுமதி கேட்க வேண்டியிருக்கும், அதற்கான நாட்களை ஆய்வுத் திட்டத்தில் முதலிலேயே ஒதுக்கிவிடுங்கள்.